பிரதியும் படைப்பும்: தைலவண்ண ஓவியக் கல்வி பற்றிய ஒரு நோக்கு

கண்டி நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும், ஓவியக் கல்வி பற்றிச் சிந்திப்போர் ஒருங்குவைத்து நோக்கவேண்டிய இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, தும்பறைப் பக்கமாக அமைந்த தெகல்தொருவைக் குகை விகாரை. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பரம்பரைச் சித்திரக்காரர் வரைந்த சாதகக்கதைச் சுவரோவியங்கள் அங்குள்ளன. மற்றது, திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம். கண்டிய மரபுக் கட்டட அமைப்பில் எழுந்த அச்சிற்றாலயத்தின் சுவர்களில், இலண்டனிலும் இத்தாலியிலும் பயின்று திரும்பிய டேவிட் பெயின்ரர் வரைந்த விவிலியக் காட்சிகள் உள்ளன. இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரம் சில மைல்களே. ஆயினும் அவை இரு வேறு உற்பத்தி முறைகளின் விளைபொருள்கள். இவ்விரு மரபுகளிலும் கல்வி தொடங்கிய இடம் ஒன்றே. அதுவே பிரதி செய்தல்.

ஓவியம் பயில்வோர் பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைவதிலிருந்து தொடங்கலாமா என்னும் வினாவுக்கு நம்மிடையே இருவகை விடைகள் வழங்குகின்றன. கலை உள்ளத்து ஊற்றிலிருந்து சுரப்பது, பிரதி அதனை வற்றச்செய்யும் என்பர் ஒரு சாரார். ஐரோப்பிய ஓவியத்தைப் பிரதி செய்தல் அடிமை மனப்பான்மையின் எச்சம் என்பர் மற்றொரு சாரார். முன்னையது கலைஞனைச் சமூகத்திலிருந்து பிரித்தெடுக்கும் கருத்துமுதல்வாதம். பின்னையது தேசியத்தின் பெயரால் எழும் எளிமைப்படுத்தல். ஓவியம் என்பது முதற்கண் ஓர் உழைப்பு, குறித்த கருவிகளைக் கொண்டு குறித்த பொருள்களின்மீது நிகழ்த்தப்படும் வேலை என்பதை இரண்டு விடைகளுமே மறந்துவிடுகின்றன. பிரதி செய்தல் நல்லதா தீயதா என்பதன்று நாம் கேட்கவேண்டிய கேள்வி. பிரதி செய்வோர் எதனைப் பிரதி செய்கின்றனர், முடிந்த பொருளின் தோற்றத்தையா, அதனை ஆக்கிய உழைப்பின் ஒழுங்கையா என்பதே கேள்வி.

தமிழிலக்கண மரபில் இக்கேள்விக்கு இடமிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்த தொல்காப்பிய மரபியல், வழிநூலை இழிந்ததெனத் தள்ளவில்லை. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என அதற்கு நான்கு வகை வகுத்தது. பிறிதொன்றின் வழிச் செல்வதும் ஒரு வினையே, அவ்வினைக்கும் வகையும் வரம்பும் உண்டு என்பது இதன் உட்கிடை. ஓவியப் பிரதியையும் இவ்வாறு வழிநூலாக நோக்கலாம்.

நோக்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். பெயின்ரர் திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் தீட்டிய பொருள்களுள் ஒன்று நல்ல சமாரியன் உவமை. அதே பொருளைப் பிரான்சிய ரொமான்ரிசிச ஓவியர் ஒய்ஜீன் டெலக்ருவா (1798-1863) 1849இல் தைலவண்ணத்தில் தீட்டினார். கள்வர் கையில் அடியுண்டு வழியிற் கிடந்தவனைச் சமாரியன் தன் விலங்கின்மீது தூக்கி ஏற்றுகிறான். காயமுற்றவனது முழுப் பாரமும் அவன் தோளிலும் முதுகிலும் இறங்குகின்றது. கண்டுங் காணாதவராய்ப் போனவர் பாதையில் அகன்று செல்கின்றனர். சமயக் கதையாகத் தொடங்கும் ஓவியம், ஒரு மனித உடல் இன்னொரு மனித உடலைச் சுமக்கும் வேலையின் சித்திரமாகின்றது. மனித உருவத்தைத் தைலவண்ணத்திற் பயில விரும்புவோர்க்கு இது பொருத்தமான முதல்நூல்.

டெலக்ருவாவும் பிரதி செய்தே கற்றவர். 1793இல் புரட்சி அரசு லூவர் அரண்மனையைப் பொதுக் காட்சிச்சாலையாகத் திறந்தபோது, பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்டவை பத்து நாளைக்கு மூன்று நாட்களே. எஞ்சியவற்றுட் பெரும்பங்கு ஓவியருக்கும் பிரதி செய்வோருக்கும் உரியதாயிற்று. மன்னரும் பிரபுக்களும் பூட்டி வைத்திருந்த ஓவியச் செல்வம் இவ்வாறு பயிற்சிக்கூடமாக மாறியது. அதன் பயனைப் பெற்ற தலைமுறையினரே ஷெரிக்கோவும் டெலக்ருவாவும். றூபன்ஸ் தீட்டிய மெடிசி அரசியின் வரலாற்றுத் தொடரிலிருந்து நீர்த்தேவதை உருவொன்றை டெலக்ருவா தனியே பிரதி செய்தார். ஈரத் தோலில் ஒளி எவ்வாறு நிறங்களாகப் பிரிகின்றது என்பதே அவர் அங்கு தேடியது. கியோஸ் தீவுப் படுகொலையையும் (1824) மக்களை வழிநடத்தும் சுதந்திரத்தையும் (1830) தீட்டிய கை, அரசியொருத்தியின் புகழ்பாடிய ஓவியத்திலிருந்து பயின்ற கை. ஒரு வர்க்கத்தின் சேவகத்தில் விளைந்த தொழில்நுட்பம் வேறொரு வரலாற்றுத் தேவைக்குப் பயன்பட்டதற்கு இது தக்க சான்று.

இனி, தைலவண்ணப் பிரதி எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதைச் சுருக்கமாக விளக்குதல் வேண்டும். உழைப்பின் ஒழுங்கு எனப் பொதுவாகக் கூறியது அப்போதுதான் தெளிவுபெறும்.

நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்துப் பெறுவதே தைலவண்ணம். நீர்வண்ணம் நீர் ஆவியாவதால் உலர்கின்றது. ஆளிவிதை எண்ணெய் அவ்வாறு உலர்வதில்லை. அது காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுகின்றது. ஆதலால் மேற்பரப்பு சில நாட்களில் தொட்டுப்பார்க்கும் அளவுக்கு உலர்ந்தாலும் உட்படை முற்றாக இறுக நெடுங்காலம் செல்லும். இந்த இரசாயன உண்மையிலிருந்தே தைலவண்ணத்தின் முதல் விதி பிறக்கின்றது. அடிப்படைகளில் எண்ணெய் குறைவாகவும் மேற்படைகளில் படிப்படியாகக் கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். மாறாகச் செய்தால், விரைந்து உலரும் மேற்படை, இன்னும் அசையும் உட்படையின்மேல் வெடிக்கும். கண்டி போன்ற ஈரலிப்பான மலைநகரில், மழைக்காலத்தில் படை உலர்வது மேலும் தாமதமாகும். அடுத்த படையைத் தீட்டுமுன் காத்திருக்கும் பொறுமை இங்கு இருமடங்கு தேவை. தூரிகையை எடுப்பதைவிடக் கீழே வைக்கக் கற்பது கடினமானது.

வேலை வரைதலிலிருந்து தொடங்குகின்றது. மூலத்தின்மீது சமசதுரக் கட்டங்களிட்டு, அதே விகிதத்திற் கன்வசிலும் கட்டங்களிட்டுக் கோடுகளை மாற்றுதல் பழைய வழி. கட்டங்கள் அளவைக் காக்கும், பாரத்தைக் காட்டமாட்டா. ஆகையால் உருவங்களின் ஓரக்கோட்டை வரையுமுன், பாரம் எங்கிருந்து எங்கு இறங்குகின்றது என்னும் அச்சுக்கோடுகளை இடுதல் வேண்டும். சமாரியனின் ஊன்றிய கால், வளைந்த முதுகு, காயமுற்றவனின் தளர்ந்த உடல், விலங்கின் முதுகு ஆகியன தொடர்ந்த ஒரே விசைக்கோட்டில் அமைகின்றன. அக்கோடு பிழைத்தால் மேலே எத்துணை வண்ணம் பூசினாலும் உருவம் நிற்காது.

அடுத்தது அடிநிறம். வெள்ளைக் கன்வசின்மீது மெல்லிய மண்ணிறம் பூசி உலரவிட்டால், ஒளியும் நிழலும் இரண்டும் அந்த நடுநிலையிலிருந்து அளக்கப்படும். அதன்மேல் கபிலமண் நிறத்தாலும் வெள்ளையாலும் ஒளிநிழலை மட்டும் தீட்டுவது மூன்றாம் படி. கபிலமண்ணில் மங்கனீசு இருப்பதால் அது விரைந்து உலரும். எலும்புக்கரி கறுப்போ தாமதமாக உலரும். அடிப்படைக்கு முன்னையதைத் தேர்வதன் காரணம் அழகியலன்று, இரசாயனம். நிழல்கள் மெல்லியனவாகவும் ஒளிபடும் இடங்கள் தடித்தனவாகவும் அமைதல் இதன் தொடர்விதி. மெல்லிய நிழல் ஒளியை உள்ளே வாங்கும், தடித்த வெள்ளை அதனைத் திருப்பி எறியும்.

நிறம் இறுதியாகவே வருகின்றது. ரொமான்ரிசிச ஓவியரின் சாதனை இங்குதான் உள்ளது. அக்கடமி மரபினர் நிழலைக் கறுப்புக் கலந்து பெற்றனர். டெலக்ருவா எதிர்நிறங்களை அருகருகே கீற்றுக்கீற்றாக வைத்தார். சிவந்த தோலின் அரைநிழலிற் பச்சையும், மஞ்சள் ஒளியின் எல்லையில் ஊதாவும் சேர்ந்தன. கலவையை ஓரளவு பார்ப்பவரின் கண்ணிடம் விட்டார். பிரதி செய்வோர் இதனை உரையாற் கற்க இயலாது. தாமே பிழையான பச்சையை வைத்து, தோல் நோயுற்றதாகத் தோன்றக் கண்டு, சுரண்டி எடுத்து, மீள வைக்கும்போதுதான் அது கைக்கு வருகின்றது.

1824ஆம் ஆண்டின் ஓவியர்க்கு நிறங்கள் பன்றியின் நீர்ப்பையிற் கட்டி விற்கப்பட்டன. வண்ணம் அரைக்கும் வேலை அதற்கு முன்னரே பட்டறையிலிருந்து பிரிந்து வணிகரிடம் சென்றுவிட்டது. 1841இல் ஜோன் றான்ட் தகரக் குழாயைக் கண்டுபிடித்தபின், வண்ணம் முற்றாகவே ஒரு சந்தைப்பண்டமாயிற்று. தான் பயன்படுத்தும் பொருளின் இயல்பை ஓவியர் அறியாத நிலை வளர்ந்தது. கீலெண்ணெய்க் கறுப்பின் ஆழத்தில் மயங்கி அதனைப் பயன்படுத்திய ஷெரிக்கோவின் பெரும் ஓவியம் காலப்போக்கில் இருண்டுபோனமை, இந்த அறியாமைக்குக் கொடுத்த விலை. மேலே கூறிய படிமுறைகளைத் திரும்பச் செய்து பார்ப்பது, பண்டமாகிவிட்ட பொருளின் பின்னால் மறைந்த வேலையை மீட்டெடுப்பதாகும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுகின்றது. கண்டியிலிருப்பவர்க்கு லூவர் இல்லை. அவர்க்குக் கிடைப்பது அச்சுப்படி. அச்சுப்படியிற் படைகள் இல்லை, தடிப்பு இல்லை. நிறமும் அச்சகத்துக்கு அச்சகம் வேறுபடும். மூலத்தைக் காணாது பிரதி செய்தல் கூடுமா?

இதற்கான விடையை இதே ஓவியத்தின் வரலாறே தருகின்றது. 1889 மே முதல் 1890 மே வரை பிரான்சின் சென் றெமி மனநல இல்லத்தில் இருந்த வின்சென்ற் வான்கோ, மாதிரியாக அமர ஆளில்லாத நிலையில், தம்மிடமிருந்த அச்சுப்படங்களைப் பார்த்துத் தீட்டினார். மில்லேயின் உழவர் உருவங்களே அவற்றுட் பல. 1890 மே மாதத்தில் அவர் தீட்டிய நல்ல சமாரியன், டெலக்ருவாவின் ஓவியத்தைத் தழுவியது. அவர் முன்னே இருந்தது டெலக்ருவாவின் வண்ணமன்று, அதைக் கொண்டு செய்யப்பட்ட, நிறமற்ற ஒரு கல்லச்சுப் படி. கல்லச்சில் உருவம் இடம்வலமாகப் புரண்டிருந்தது. ஆதலால் வான்கோவின் ஓவியமும் மூலத்தின் கண்ணாடி விம்பமாகவே அமைந்தது. நிறத்தை அவர் தாமே காணவேண்டியிருந்தது. டெலக்ருவாவின் நிறங்களை அவர் நினைவிலிருந்து ஒப்பிக்கவில்லை. எதிர்நிறங்களை அருகருகே வைக்கும் டெலக்ருவாவின் முறையை எடுத்துக்கொண்டு, தமக்குரிய நீலத்தையும் மஞ்சளையும் அதற்குட் கொண்டுவந்தார். இசைஞன் பிறர் அமைத்த இசையை வாசிக்கும்போது தன் விளக்கத்தையும் சேர்ப்பதுபோன்றது இது என்ற கருத்தை அவரே தம் கடிதத்தில் வெளியிட்டுள்ளார். தொல்காப்பியப் பகுப்பிற் கூறின், இது மொழிபெயர்ப்பு வகைப்பட்ட வழிநூல். மூலம் இல்லாமை இங்கு குறையாகத் தொடங்கித் தேவையாக மாறியது. முடிந்த தோற்றம் கிட்டாதபோது, அதனை ஆக்கிய முறையையே தேடவேண்டியதாயிற்று.

ஆயினும் வான்கோ லூவரை முன்னரே கண்டவர். குடியேற்ற நாட்டு மாணவனின் நிலை வேறு. அவனுக்கு மூலமும் முறையும் ஒருங்கே மறுக்கப்பட்டன. இரவிவர்மாவின் (1848-1906) வாழ்க்கை இதற்கு நன்கறியப்பட்ட சான்று. திருவிதாங்கூர் அரண்மனையில் தைலவண்ணம் அறிந்திருந்த இராமசுவாமி நாயக்கர் அவருக்கு அதனைக் கற்பிக்க மறுத்தார் என்றும், அவரிடம் பயின்ற ஆறுமுகம்பிள்ளை இரவில் மறைவாகக் கற்பித்தார் என்றும், 1868இல் அங்கு வந்த தியடோர் ஜென்சன் தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். இதனைத் தனிமனிதரின் பொறாமையாக மட்டும் கொள்ளுதல் தகாது. புரவலரின் தயவில் வாழும் கலைஞனுக்குத் தொழில்நுட்பமே மூலதனம். அதனைப் பகிர்வது பிழைப்பைப் பகிர்வதாகும். இரவிவர்மா 1894இல் அச்சகம் நிறுவியபின், மறைவிற் கற்ற அக்கலையின் தோற்றம் இலட்சக்கணக்கான இல்லங்களின் சுவர்களை அடைந்தது. முறையோ மக்களை அடையவில்லை.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு கண்டியில் நிலவியது. ஆனந்த குமாரசுவாமி (1877-1947) இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராகக் கடமையாற்றிய ஆண்டுகளில் (1903-1906) கண்டிய நாடெங்கும் சென்று திரட்டிய செய்திகளை 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார். வில்லியம் மொறிசின் அச்சுப்பொறியில் அந்நூல் அச்சிடப்பட்டமை தற்செயலன்று. கைத்தொழிலாளியின் உழைப்பைக் கலையின் அடிப்படையாகக் கொண்ட மொறிசின் சமதர்மச் சிந்தனை குமாரசுவாமியைப் பெரிதும் ஈர்த்திருந்தது. சித்திரக்கார மாணவன் ‘வக தெக’ எனும் இரட்டை வளைகோட்டை மீளமீள வரைந்து, அதிலிருந்து கொடியும் மலரும் விலங்கும் மனித உருவமுமாகப் படிப்படியே முன்னேறிய முறையை அந்நூல் விளக்குகின்றது. வண்ணம் அரைப்பதும், தூரிகை கட்டுவதும், தொரண எண்ணெயிற் பிசின் சேர்த்து மெருகு காய்ச்சுவதும் கல்வியின் பகுதிகளே. இங்கு பிரதி செய்யப்பட்டது ஓர் ஓவியமன்று, ஒரு தொழிலின் முழு ஒழுங்கு.

எனினும் இம்மரபைப் பொற்காலமாகப் போற்றுதல் வரலாற்று நோக்காகாது. அது சாதியாலும் சேவைநிலத்தாலும் கட்டுண்டிருந்தது. சித்திரக்காரனின் மகனே சித்திரக்காரனானான். தெகல்தொருவையில் வரைந்த தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே, நீலகம பட்டபெந்தா முதலியோரின் பெயர்கள் நமக்குக் கிட்டியுள்ளன. அவர்களுக்கு உணவளித்தது, ஊழியத்துக்கு ஈடாகக் கிடைத்த நிலம். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. கோல்புறூக் குழுவின் பரிந்துரைகளை அடுத்து இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டின் சேவைநிலச் சட்டம், விகாரை நிலங்களுக்குரிய ஊழியத்தைப் பணமாக மாற்றிச் செலுத்த வழிசெய்தது. ஊழியம் பணமானபோது, அவ்வூழியத்தின் வழியே கையளிக்கப்பட்டுவந்த கல்வியும் தளர்ந்தது. ஒரு கலைமரபை அழிக்க ஓவியங்களை அழிக்கவேண்டியதில்லை. அதைக் கற்பித்த உற்பத்தி உறவு சிதைந்தாற் போதும். அந்த இடத்தை ஆங்கிலக் கல்விக்கூடம் நிரப்பியபோது, புதிய நடுத்தர வர்க்கத்தாருட் சிலருக்கே தைலவண்ணம் கிட்டியது.

அச்சிலரிற் பெயின்ரரும் (1900-1975) ஜோர்ஜ் கீற்றும் (1901-1993) கண்டித் திரித்துவக் கல்லூரி மாணவர்கள். முன்னவர் புலமைப்பரிசில் பெற்று இலண்டன் றோயல் அக்கடமிப் பள்ளியிற் கற்றார். இத்தாலியச் சுவரோவியங்களை நேரிற் கண்டார். அவர் சிற்றாலயச் சுவரில் தீட்டிய சிலுவைக் காட்சியில் யேசு தாடியற்ற, கருநிறத்து இளைஞர். பின்னணி இந்நாட்டுக் கண்டற்காடு. ஐரோப்பாவிற் கற்ற உடலமைப்பும் நிறமுறையும் இங்குள்ள மனிதரையும் நிலத்தையும் காண உதவின. கீற் வேறு வழியிற் சென்றார். மல்வத்தை விகாரைச் சூழலில் பௌத்தமும் சிங்களமும் பயின்று, கண்டியச் சுவரோவியக் கோட்டையும் ஐரோப்பியக் கியூபிசத்தையும் ஒன்றோடொன்று மோதவிட்டார். 1943இல் கொழும்பில் உருவான 43 குழுவின் முதல்வரிசையில் நின்ற அவர், கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவரும் ஆவர். ஒருவர் அக்கடமி வழியும் மற்றவர் விகாரை வழியும் சென்றபோதிலும், இருவரும் தாம் கற்ற மூலத்திலேயே தங்கிவிடவில்லை என்பதே முக்கியம்.

எனவே நாம் வந்தடையும் முடிவு இது: தோற்றத்தைப் பிரதி செய்வது நுகர்வு. உழைப்பின் ஒழுங்கைப் பிரதி செய்வது கல்வி. முன்னையது முடிந்த இடத்திலேயே முடிகின்றது. பின்னையது வேறொரு பொருளைத் தேடி வெளியே செல்லும்.

அவ்வாறு வெளியே செல்லும் கண்ணுக்குக் கண்டியின் சுற்றுப்புறம் எதைக் காட்டும்? 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலைப் பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் கண்டிக்கு அண்மையிலேயே உள்ளது. அதற்கு முன்னர்க் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் உழைப்பே இம்மலைகளின் இன்றைய தோற்றத்தை ஆக்கியது. 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. பிரசாவுரிமைச் சிக்கல் முற்றாகத் தீர்வதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆனால் தேயிலைப் பெட்டியின் சிட்டைகளிலும் அஞ்சலட்டைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண் புன்னகைக்கும் அலங்காரமாகவே நின்றாள். தலையில் மாட்டிய கயிற்றால் முதுகுக் கூடையின் பாரம் கழுத்திலும் தோளிலும் இறங்குவதை அப்படங்கள் காட்டவில்லை. காட்டுவதற்கு, பாரம் உடலில் எவ்வழி இறங்குகின்றது என்பதை வரைந்தவர் அறிந்திருக்கவேண்டும். அறிய விரும்பியும் இருக்கவேண்டும்.

சமாரியனின் முதுகை நாற்பது முறை வரைந்து அழித்த கைக்கு அந்த அறிவு உண்டு. வளைந்த முதுகொன்றில் விசை எவ்வாறு ஓடுகின்றது, கருந்தோலின் நிழலில் எந்நிறம் ஒளிக்கின்றது, ஒருவர் சுமக்க மற்றோர் கண்டுங் காணாது அகல்வதை ஒரே சட்டத்துள் எவ்வாறு அமைப்பது என்பனவற்றை டெலக்ருவாவிடம் கற்கலாம். கற்றபின் அவற்றை எங்கு பயன்படுத்துவது என்பது நம் சமூகத்தின் கேள்வி. நமது பாடசாலைகளிற் சித்திரம் கற்பிப்போர், மாணவரிடம் அச்சுப்படியைக் கொடுக்கும்போது அதனோடு ஆளிவிதை எண்ணெயின் இயல்பையும் கற்பிப்பாராக. பிரதி முடிந்த மறுநாளே அவர்களைத் தோட்டத்து நிறுவைக் களத்துக்கு அழைத்துச் செல்வாராக. கொழுந்துக் கூடை தராசில் ஏறும் அந்த வேளையில், வரையவேண்டிய உருவங்கள் அங்கு வரிசையில் நிற்கும்.